சுண்டிக்குளத்துக் கரையிலே

கண்ணாற் காணாத பொருளைக் கற்பிப்பது ஆசிரியத் தொழிலின் பெருங்குறைகளுள் ஒன்று. நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களைக் கூறும்போது, நாரை என்றும் குருகு என்றும் இருபது ஆண்டுகளாக நாமும் வகுப்பிலே விரித்துரைத்து வந்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நாரைக்கும் கொக்குக்கும் என்ன வித்தியாசம்?” என்று வினவினான். நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அகராதியிற் கண்ட பொருளைக் கூறி அவனை அமர்த்தினோம். அவன் அமர்ந்தான், நமது மனம் அமரவில்லை. குடாநாட்டின் வாயிலிலே சுண்டிக்குளம் இருக்க, நாரையை அகராதியில் தேடுவது வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதன்றோ?

இதனாலேயே இவ்வாண்டு தைப்பொங்கல் கழிந்த வார இறுதியில் சுண்டிக்குளத்துக்குப் புறப்பட்டோம். நாமும், நம் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரும், வினாவெழுப்பிய மாணவன் உட்பட மாணவர் மூவருமாக ஐவர். அங்கே செல்வதற்கு நமக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

சுண்டிக்குளம் எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாடு வன்னிப் பெருநிலத்தோடு இணையும் இடத்திலே, ஆனையிறவுக்குக் கிழக்காக வங்கக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பே சுண்டிக்குளக் கடனீரேரி. பெயரிற் குளம் இருப்பினும் இது குளமன்று. கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து வந்து இதனுள்ளேதான் விழுகிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு மணற்றிட்டு மாத்திரமே உண்டு. மாரியில் வெள்ளம் பெருகும்போது நீர் அதனை உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும். கோடையிலோ நீர் வற்றி, உப்பு ஏறி, கரை வெள்ளை பூத்துக் கிடக்கும். இவ்வாறு இனிப்பும் உவர்ப்பும் மாறிமாறி வரும் ஆழமற்ற நீரிலே இறாலும் சிறு மீனும் புழுவும் பாசியும் பெருகும். அவற்றை நாடியே பறவைகள் வருகின்றன.

1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் இந்த ஏரியை நன்னீராக்கி, அந்நீரை முள்ளியான் வழியாக ஒரு கால்வாய் மூலம் வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்ல ஒரு திட்டம் வகுத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று முதியோர் இன்றும் பேசிக்கொள்வது அதனையே. வேலைகள் தொடங்கப்பெற்றும் அத்திட்டம் நிறைவெய்தவில்லை. கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டவருக்கு அது பெரும் இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் உவரை நம்பி வாழும் பறவைகளுக்கு அந்த ஏரி உவராகவே எஞ்சியது.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1938ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆந் திகதி சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏறத்தாழ எழுபத்தேழு ஆண்டுகளின் பின்னர், 2015ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி, 19,565 ஹெக்டேயர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக அது தரமுயர்த்தப்பட்டது. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நமக்குப் பின்னர் ஒரு பெரியவர் விளக்கினார்.

மணலும் காற்றும்

துவிச்சக்கரவண்டியிலேயே செல்வதெனத் தீர்மானித்தோம். மோட்டார் இரைச்சல் பறவைகளுக்கு ஆகாது. அன்றியும், எரிபொருள் கிடையாத நாட்களிலெல்லாம் யாழ்ப்பாணத்தாரைச் சுமந்த வாகனத்தை விட்டு வேறொன்றில் அவ்வழியே செல்ல நமக்கு மனமும் வரவில்லை. பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளத்துக்குக் கரையோரமாக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வரும். முதல்நாள் மருதங்கேணி வரை சென்று, அங்கே நண்பரின் உறவினர் இல்லத்தில் இரவு தங்கி, மறுநாள் விடியலில் ஏரிக்கரையை அடைவதென ஏற்பாடு.

வல்லிபுர ஆழ்வாரை வணங்கிப் புறப்பட்டோம். மணற்காட்டிலே வண்டிகளை ஒரு சவுக்கமரத்தின் கீழ் நிறுத்திவிட்டு, மணற்குன்றுகளின் மேலே கால்நடையாக ஏறினோம். ஓரடி வைத்தால் அரையடி பின்னே சறுக்கும். குன்றின் உச்சியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்கந்தோப்பு, அருகே, மணலிற் பாதி புதையுண்டு நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். காற்று ஓயாது மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கட்டடத்தையே மூடியிருக்கிறது. “இந்த மண் ஓரிடத்திலும் நிற்பதில்லை, சவுக்கு வேர்தான் அதனைப் பிடித்து வைத்திருக்கிறது” என்றார் நண்பர்.

பின்னர் அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று எனக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாடைக்காற்று இடப்பக்கத்தால் வந்து வண்டியை வீதியோரத்துக்குத் தள்ளியது. செம்பியன்பற்றுக்கு அப்பால் நமது பின்சில்லில் முள்ளேறிக் காற்றுப் போயிற்று. ஒட்டுப்போடும் சாமான்களை எடுத்துவரவேண்டிய பொறுப்பு நம்முடையது. அவை வீட்டு மேசைமீது பத்திரமாக இருந்தன! மாணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தனர். அவ்வழியே வலைச்சுமையோடு வந்த இளைஞர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தம் பையிலிருந்து பசையும் இறப்பர்த் துண்டும் எடுத்து ஒட்டிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துச் சென்றார்.

தாழையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைக் கடந்து சென்றோம். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அது திறந்துவைக்கப்பட்டது. பொழுது சாயும்வேளை மருதங்கேணியை அடைந்தோம்.

மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கே மீண்டும் புறப்பாடு. உடுத்துறையிலே, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் மாண்டோரின் நினைவாலயம் இருளிலே தெரிந்தது. யாரும் சொல்லாமலே மாணவர்கள் வண்டியை விட்டு இறங்கி, அவ்விடத்தை நடந்து கடந்தனர். அதன்பின் ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. பின்னர் வீடுகள் அருகிப் பனைகளும் பற்றைகளுமே மிஞ்சின. கிழக்கு வெளுத்தபோது முன்னே ஏரி கிடந்தது.

ஒரே பந்தி, பல இலைகள்

பொது வீதியையும் மீனவர் நடமாடும் கரைப்பாதையையும் விட்டு நாம் அகலவில்லை. போர் நடந்த நிலத்தில் காலடி பதியாத இடத்திற் காலை வைப்பது அறிவுடைமையாகாது. ஏரியிலே முதலையும் உண்டு. பூங்காவுக்குள் செல்வதானால் முறைப்படி அனுமதி பெறவேண்டும். ஆனால் கரையில் நின்று பார்ப்பதற்கே இரண்டு கண்கள் போதவில்லை.

நண்பர் மாணவரை வரிசையாக இருத்தி, தொலைநோக்குக் கண்ணாடியைக் கைமாற்றிக் கொடுத்து விளக்கலானார். கரையின் ஈரமணலிலே, குறுகிய அலகுடைய கொசு உள்ளான்கள் கூட்டமாக ஓடியோடிக் கொத்துகின்றன. அவற்றுக்கு அப்பால், கணுக்காலளவு நீரிலே வளைந்த அலகுடைய உள்ளான்கள். இன்னும் அப்பால், செந்நிறக் கால்களை ஊன்றுகோல்போல் வைத்து நெடுங்கால் உள்ளான்கள் நடக்கின்றன. அதற்கும் அப்பால் கருவால் மூக்கன்கள் நீண்ட நேரான அலகைக் கண்வரை சேற்றினுள் செலுத்துகின்றன. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவுகிறது. நீரினுள்ளே மூழ்கி, பாம்புபோற் கழுத்தை மாத்திரம் வெளியே நீட்டி வருகிறது பாம்புத்தாரா. நடுவிலே ஊசிவால் வாத்துகள் கும்பலாக மிதக்கின்றன.

“கவனியுங்கள்,” என்றார் நண்பர். “ஒவ்வொன்றின் காலும் அலகும் ஒவ்வோர் ஆழத்துக்கு அளவெடுத்துச் செய்தவை. இவையெல்லாம் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. ஆனால் ஒருவர் இலையில் மற்றவர் கை வைப்பதில்லை. நீர்மட்டம் ஒரு சாண் கூடினாலோ குறைந்தாலோ சிலருக்கு இலையே இல்லாமற் போய்விடும்.”

வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், ஆர்ட்டிக் சமவெளியிலே குஞ்சு பொரிப்பது. அங்கே உறைபனி மூடுமுன் புறப்பட்டு, மத்திய ஆசிய வான்வழியாக வந்து, மாரிக்காலத்தை இங்கே கழித்து, பங்குனி சித்திரையில் மீள்கிறது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அப்பறவையைப் பார்த்து ஒரு மாணவன், “இவ்வளவு சிறியது எப்படிச் சேர் வழியை நினைவில் வைத்திருக்கிறது?” என்றான். சூரியனும் விண்மீன்களும் பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்கு வழிகாட்டுவதாக அறிவியலாளர் கண்டிருப்பதை நண்பர் எடுத்துக் கூறினார். 

நமக்கோ சத்திமுத்தப் புலவர் நினைவுக்கு வந்தார். வறுமையுற்று வெளியூரிற் குளிரால் வாடிய அப்புலவர், தென்றிசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் நாரையைத் தம் மனைவிபால் தூது விடுத்ததாகப் பாடியிருக்கிறார். பறவைகள் பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீள்வதனை அவர் அறிந்திருந்தார். அந்த நாரையின் அலகுக்கு அவர் கண்ட உவமை, யாழ்ப்பாணத்தார் ஒவ்வொருவரும் தை மாதத்திலே அவித்து உண்ணும் பொருள். எது என்பதை மாணவர் தேடிக் கண்டுகொள்க.

வினாவெழுப்பிய மாணவனுக்கும் விடை கிடைத்தது. பறக்கும்போது கழுத்தை முன்னே நீட்டிச் செல்வது நாரை. மடித்து உடலோடு சேர்த்துக்கொள்வது கொக்கு. நம்மவர் ‘சாம்பல் நாரை’ என்று வழங்கும் பறவையும் கழுத்தை மடிப்பதாற் கொக்கினத்தைச் சேர்ந்ததே. அகராதி கூறாததனை ஆகாயம் ஒரு நொடியிற் கூறிவிட்டது.

பெரியவரின் பாடம்

அவ்வேளை வெண்மையான பெரும்பறவைகள் சில, வாற்புறத்தில் இளஞ்சிவப்புத் தோன்ற, சேற்றுத்திடலிலே வந்திறங்கின. “அதோ பூநாரை!” என்று உரக்கக் கூவினோம். பின்னாலிருந்து மெல்லிய சிரிப்பொலி கேட்டது. வீச்சுவலையைத் தோளிற் போட்டபடி, எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் நின்றார்.

“மாஸ்ரர், உது பூநாரையில்லை. மஞ்சள்மூக்கு நாரை. பூநாரை கரைக்கு வராது, நடுத்தண்ணிக்குள்ளைதான் நிக்கும். கொஞ்சம் பொறுங்கோ. வெயில் ஏறட்டும், காட்டுறன்” என்றார்.

மாணவர் முன்னிலையில் திருத்தப்பட்டது சிறிது நாணத்தைத் தந்தாலும், நல்லாசிரியர் ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி அதனை விஞ்சியது. பெரியவர் தம் குடிலுக்கு அழைத்துச் சென்றார். அவருடைய மனைவியார் பனங்கட்டியோடு தேநீர் தந்தார். மாணவர் பறவைகளைக் காட்டிக் காட்டி வினவ, அவர் ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் கூறினார். குதிரைமலைக் கோட்டான் கத்தும் நேரம், ஆலா கூட்டமாகப் பாயும் இடம், எந்தப் பறவை இறங்கினால் அங்கே இறால் உண்டு என்பன யாவும் அவருக்கு மனப்பாடம். மாணவன் ஒருவன் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினான்.

“ஐயா, இந்தக் கரையிலே எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

“பிறந்தது இஞ்சைதான், மாஸ்ரர். எத்தினை தரம் இடம்பெயர்ந்திட்டம். கடைசியா 2009இலை எல்லாத்தையும் விட்டிட்டுப் போனம். திரும்பி வரேக்கை வீடில்லை, வலையில்லை, வள்ளமில்லை. ஆனா குருவியள் வந்திருந்தது. உதுகளே வந்திட்டுதுகள், நாங்கள் இருக்கேலாதோ எண்டு நினைச்சன். இருந்திட்டம்.”

சிறிது நேரம் மௌனமாயிருந்து, பின்னர் மெல்லச் சொன்னார்: “இப்ப ஒரே ஒரு யோசனைதான். சரணாலயமா இருக்கேக்கை நாங்களும் இருந்தம், குருவியும் இருந்தது. பூங்கா எண்டால் வேறை சட்டமாம். எல்லைக்கல்லு எங்கை வருமெண்டு எங்களுக்குத் தெரியாது. குருவிக்கு எல்லைக்கல் இல்லை, மாஸ்ரர், எங்களுக்குத்தான் இருக்கு.”

அவர் கூறியதில் உண்மை உண்டு. சரணாலயத்தினுள் தனியார் காணியும் மக்கள் குடியிருப்பும் வழக்கமான தொழிலும் இடம்பெறலாம். தேசியப் பூங்காவோ முற்றிலும் அரச நிலம்; அனுமதியின்றி எவரும் உட்புக இயலாது. பறவையைக் காப்பதற்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்பதனை நாம் மறுக்கவில்லை. இரவிலே வெளியூரார் வந்து வாத்துகளைச் சுட்டுச் செல்வதுண்டு என்று அப்பெரியவரே வருத்தத்தோடு கூறினார். கரையிலே கிடந்த நைலோன் வலைத் துண்டில் ஓர் உள்ளானின் கால் எலும்பு சிக்கியிருந்ததையும் நாம் கண்டோம். ஆயினும், எந்தப் பறவை எங்கே உறங்கும் என்பதைக்கூட அறிந்து வைத்திருக்கும் மனிதரைக் கரைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அப்பறவையைக் காக்கும் பணியை யாரிடம் ஒப்படைப்பது? வேலிக்கு வெளியே நிறுத்தப்படும் கண்கள் அவருடையவை என்றால், உள்ளே நடக்கும் வேட்டையைக் காணப்போவது யார்? எல்லை குறிப்போர் அவரைப் போன்றோரையும் உடனழைத்துச் சென்று குறிப்பாராயின், கல்லும் நிலைக்கும், காவலும் நிலைக்கும்.

பூநாரை

வெயில் ஏறியது. பெரியவர் கையை நெற்றியில் வைத்து நோக்கி, “அங்கை பாருங்கோ” என்றார். ஏரியின் நடுவே, நீரும் வானும் சேரும் இடத்திலே, இளஞ்சிவப்புக் கோடொன்று தெரிந்தது. கண்ணாடியினூடாக நோக்கியபோது கோடு பறவைகளாயிற்று. நூற்றுக்கணக்கானவை; யாவும் நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீரினுட் கவிழ்த்து, ஒரே திசையில் மெல்ல மெல்ல நடந்தன.

நமது இரண்டாவது காரணத்தை இப்போது கூறுவோம். 1990இல் மீண்டும் போர் மூண்டு ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பின்னர், குடாநாட்டு மக்கள் கொம்படி - ஊரியான் வழியாக, இதே நீர்ப்பரப்பின் மேற்குப் பக்கத்தை நடந்து கடந்தனர். 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாமும் கடந்தோம். அன்று நமக்குப் பதினொரு வயது. வவுனியாவிலே பாட்டியார் நோயுற்றிருந்தார். தந்தையார் நம்மைத் துவிச்சக்கரவண்டியின் பின்னே இருத்தி, மடியில் ஒரு பையைத் தந்து, முழங்காலளவு நீரிலே வண்டியைத் தள்ளிச் சென்றார். முன்னும் பின்னும் மூட்டையோடும் குழந்தையோடும் மனிதர் வரிசை. எவரும் பேசவில்லை. விடியும்வேளை தொலைவிலே வெடியோசை கேட்டது. நாம் அழத் தொடங்கினோம். தந்தையார் நின்று, இடக்கையால் ஒரு பக்கம் காட்டி, “அங்கை பார், பூநாரை. தலையைத் தண்ணிக்குள்ளை விட்டு எதையோ தேடுது. எதைத் துலைச்சதெண்டு கேட்டுப் பார்” என்றார். நாம் அழுகையை விட்டு, அவை எதைத் தொலைத்தன என்று எண்ணிக்கொண்டே கரையேறிவிட்டோம்.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல. அவர் கண்டது பூநாரையையா, அல்லது பிள்ளையின் அழுகையை அடக்க வாய்க்கு வந்த பெயரைச் சொன்னாரா என்ற ஐயம் நமக்கு நெடுங்காலமாக இருந்தது. காலையிலே மஞ்சள்மூக்கு நாரையைக் கண்டு நாமே ஏமாந்தபோது அந்த ஐயம் வலுத்தது. இப்போது அந்தக் கவிழ்ந்த தலைகளைக் கண்டதும் அது நீங்கியது. நாரை அலகைத் திறந்து சேற்றிலே வைத்து இரைக்காகக் காத்திருக்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டே நடந்து மேய்வது பூநாரை ஒன்றே.

“அவை எதையும் தேடவில்லை, வடிக்கின்றன” என்று நண்பர் மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பூநாரையின் அலகினுள்ளே சல்லடைபோன்ற தகடுகள் உள்ளன. நாக்குப் பம்புபோல் இயங்கி நீரை உள்ளிழுத்து வெளித்தள்ள, நுண்ணுயிர்களும் சிறு இறால்களும் உள்ளே தங்கும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் சிவப்புக்குக் காரணம். குஞ்சு பொரிக்கும்போது அது சாம்பல் நிறமாகவே இருக்கும். இந்தியாவின் கச்சு உவர்நிலம் அவை கூடி முட்டையிடும் பெயர்பெற்ற இடம். சுண்டிக்குளத்துக்கு அவை விருந்தினர்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

ஐப்பசி முதல் பங்குனி வரையே வரத்துப் பறவைகளைக் காண ஏற்ற காலம். சூரியன் உதிக்குமுன் கரையில் இருத்தல் வேண்டும். குடிநீரும் தொப்பியும் தொலைநோக்குக் கண்ணாடியும் கைவசம் இருக்கட்டும். ஒட்டுப்போடும் சாமான்களை மேசைமீது மறந்துவிடாதீர்கள். நிறம் பளிச்சிடும் உடை வேண்டாம். பறவையைப் பறக்கச் செய்து படம்பிடிப்பது பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பிவிடுவதற்கு ஒப்பாகும். நெடுந்தூரம் பறந்து வந்த உயிர் உண்பதற்குக் கிடைத்த வேளையை நாம் பறித்தலாகாது. கொண்டுசென்ற பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கரையில் வாழ்வோரிடம் வாய்திறந்து கேளுங்கள். அவர்களுடைய அறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை.

மீளும்போது மாணவனின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். இருபத்தேழு பறவைகளின் பெயர்கள் இருந்தன. அவற்றுட் பதினொன்று பெரியவர் தந்தவை. அவற்றின் நேரே அவன் சிறு புள்ளியிட்டிருந்தான். அடுத்த வாரம் நெய்தல் பாடம் வந்தபோது, நாம் அவனையே எழுப்பி அந்தப் பட்டியலை வகுப்புக்கு வாசிக்கச் சொன்னோம். பூநாரை என்ற பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், “அதை நீ கண்டனியோ?” என்று கேட்டான்.

“கண்டனான்,” என்றான் அவன்.

நாமும் கண்டோம், இரண்டாம் முறையாக.